வெள்ளிக்கிழமைக் கூலி

எங்கள் உத்திரமேரூர்ப் பக்கத்தில் பல வீடுகளில், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பணம் வெளியே வராது. “வெள்ளிக்கிழமையும் அதுவுமா லட்சுமியை அனுப்பலாமா? நாளைக்கு வா” என்பார் நிலத்துக்காரர். நாற்று நட்டவள் வெறுங்கையோடு திரும்புவாள். அவள் குடிசைக்கு லட்சுமி போகக் கூடாதென்று எந்தச் சாஸ்திரம் சொல்லிற்று?

இத்தனை அதிகாரம் ஒரு கிழமைக்கு எங்கிருந்து வந்தது? பெயரிலிருந்துதான். நாம் வெள்ளி என்ற கோளின் பெயரால் அழைக்கும் நாளை, ரோமர்கள் அதே கோளின் பெயரால் வீனஸின் நாள் என்றார்கள். பிரெஞ்சுக்காரரிடம் அது ‘வாந்திரெதி’ ஆயிற்று. ஆங்கிலேயர் ஃப்ரிக் என்னும் தங்கள் பழைய தேவியை அங்கே உட்கார்த்தி ‘ஃப்ரைடே’ என்றார்கள். போர்ச்சுகீசியரோ தெய்வங்களை விலக்கிவிட்டு, ஆறாம் நாள் என்று எண்ணிச் சொல்கிறார்கள். சூரியன் எல்லோருக்கும் ஒன்றுபோலத்தான் உதிக்கிறது.

தமிழில் கிழமை என்ற சொல்லுக்கு உரிமை என்றும் பொருள். நாள் வெள்ளிக்கே உரியதாக இருக்கட்டும். பகலெல்லாம் சேற்றில் நின்ற கூலி யாருக்கு உரியது?

இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு; கி.பி. 921ஆம் ஆண்டினது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனை மட்டுமல்ல, அவன் உறவினரையும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று அது தள்ளுகிறது. பிறர் பொருளுக்குப் பதில் சொல்வதை அவ்வளவு பெரிதாக மதித்த ஊர் இது.

பூஜைக்கு நாள் பார்ப்பவரோடு எனக்குச் சண்டையில்லை. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமலிருக்க நாள் பார்ப்பது பக்தியல்ல. நம் கடனைத் தெய்வத்தின் தலையில் ஏற்றுவது.