உளுத்த அச்சும் ஓடும் தேரும்

ஒரு பொருளின் உறுப்புகள் ஒவ்வொன்றாகத் தேய்ந்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டு, தொடக்கத்தில் இருந்த எந்த உறுப்பும் எஞ்சாத நிலை வந்தபின், அதைப் பழைய பொருளே என்று சொல்லத் தகுமா என்பது மெய்ப்பொருளியலின் தொன்மையான வினாக்களுள் ஒன்று. கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க், ஏதென்சு மக்கள் பாதுகாத்துவந்த தீசியசின் கப்பலை முன்வைத்து இதை எழுப்பினார். அதன் பலகைகள் உளுக்க உளுக்க மாற்றப்பட்டபோது, அது அதே கப்பல்தானா என்று அக்காலத் தத்துவவாதிகள் இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டனர் என்கிறார் அவர். தமிழகத்தின் தென்கோடியிலுள்ள நாஞ்சில் நாட்டில் இவ்வினாவைத் தேட நூலகம் போக வேண்டியதில்லை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலின் மார்கழித் திருவிழாவில் ஒன்பதாம் நாள் தேரோடுகிறது. அய்யா வைகுண்டரின் சாமிதோப்புத் தலைமைப்பதியில் பதினொரு நாள் திருவிழா தேரோட்டத்தோடு நிறைவடைகிறது. கோட்டாறு சவேரியார் பேராலயத்தின் டிசம்பர் 3-ஆம் நாள் பெருவிழாவும் தேர்ப்பவனி இன்றி முடிவதில்லை. சமயம் வேறுபட்டாலும் இம்மூன்று இடங்களிலும் மரத்தேர் உண்டு. மரத்தேர் இருக்கும் இடத்தில் பழுதுபார்ப்பும் உண்டு.

எந்த ஆக்கத்திலும் முதலில் தேய்பவை அசையும் உறுப்புகளே. கோயிலில் அது கதவு. தேரில் அது சக்கரமும், சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டாகிய அச்சும். இலுப்பை போன்ற வலிய மரங்களால் ஆன அடித்தளமும் அதைச் சுற்றிப் பதிந்த சிற்பப் பலகைகளும் தலைமுறைகள் தாங்கி நிற்க, தேரின் முழுச் சுமையையும் தாங்கி வீதியோடு உராயும் சக்கரம் முன்னதாகவே நலிகிறது. கனத்த பலகைகளை அடுக்கி இரும்புப் பட்டை பூட்டிய பழைய மரச்சக்கரங்களுக்கு மாற்றாகப் பெருந்தேர்கள் பலவற்றுக்கு இன்று இரும்புச் சக்கரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அலங்காரத்தோடு ஏறத்தாழ 96 அடி உயரமும் 300 டன் எடையும் கொண்டதாகச் சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர், பழைய தேர் தீக்கிரையான பின் 1930-இல் புதிதாக ஓடியது. பின்னாளில் திருச்சிராப்பள்ளி பாரத மிகுமின் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரங்களையும் நீரியல் விசையால் இயங்கும் தடுப்புக் கருவியையும் அமைத்துத் தந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் பழைய தேர் மறைந்து, நெடுங்காலம் தேரோட்டமே நின்றுபோய், 2015-இல் முற்றிலும் புதிய தேர் ஓடியபோதும், பெரிய கோயில் தேர் மீண்டும் ஓடியது என்றே மக்கள் பேசினர். எரிந்ததும் மறைந்ததும் மீண்டதும் ஒரே தேர் என்று கருதும் இவ்வழக்கு வெறும் பேச்சுப் பிழையா, அல்லது பொருள்களின் இயல்பு பற்றிய ஓர் உண்மையை அது உணர்ந்து சொல்கிறதா என்பதே இங்கு ஆராய வேண்டியது.

பௌத்தம் தேரையே சான்றாக எடுத்துக்கொண்டு இதற்கு விடை கூறியது. மிலிந்தன் எனப்படும் இந்தோ-கிரேக்க மன்னன் மெனாந்தருக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்த உரையாடலைக் கூறும் 'மிலிந்த பஞ்ஹா' என்னும் பாளி நூலில், அரசன் ஏறிவந்த தேரின் ஏர்க்காலா தேர், அச்சா தேர், சக்கரமா தேர் என்று நாகசேனர் வரிசையாக வினவுகிறார். ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என விடையிறுக்கும் மன்னன், இவ்வுறுப்புகளைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என்று இறுதியில் தானே ஒப்புக்கொள்கிறான். உறுப்புகளுக்கு அப்பால் முழுமை என்று ஒன்று இல்லை என்பதும், ஆன்மா என்று மனிதர் கருதுவதும் அவ்வாறே என்பதும் இதன் கருத்து. இதன்படி, சக்கரம் மாறிய தேர் பழையதா புதியதா என்னும் வினாவுக்கு இறுதி விடை கிடையாது; வழக்கு ஒப்புக்கொள்ளும் வரை பெயர் நீடிக்கும், அவ்வளவே.

நியாய, வைசேடிக நெறியினர் இதற்கு நேர்மாறாக நின்றனர். உறுப்புகளை அவயவம் என்றும், அவற்றில் பொருந்தி நிற்கும் முழுமையை அவயவி என்றும் பிரித்த அவர்கள், அவயவி உறுப்புகளின் கூட்டத்தினும் வேறான மெய்ப்பொருள் என்று நிறுவினர். ஆனால் இந்த உறுதிக்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது: ஓர் உறுப்பு நீங்கினாலே பழைய அவயவி அழிந்து புதிய அவயவி தோன்றுகிறது என்று அவர்கள் கொள்ள வேண்டியதாயிற்று. அவ்வாறாயின் சிற்பப் பலகை ஒன்றை மாற்றிய அன்றே பழைய தேர் இல்லாமல் போகும். ஆண்டுதோறும் வடம் பிடிப்போர் ஆண்டுதோறும் வெவ்வேறு தேரை இழுத்தவராவர்.

சமணம் இவ்விரண்டுக்கும் இடைவழி கண்டது. உள்ளது என்பது தோற்றம், கேடு, நிலைபேறு ஆகிய மூன்றையும் ஒருங்கே உடையது என்று உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. திரவியம் எனப்படும் அடிப்பொருள் நிலைக்க, பரியாயம் எனப்படும் அதன் நிலைகள் தோன்றியும் மறைந்தும் வரும். இக்கருத்து நாஞ்சில் நாட்டுக்குப் புறம்பானது அன்று. நாகர்கோவில் நாகராசர் கோயிலில் பார்சுவநாதர், மகாவீரர் உருவங்கள் இன்றும் உள்ளன. அதை அடுத்த பகுதியிலுள்ள சிதறால் மலையில், 9-ஆம் நூற்றாண்டு ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலக் கல்வெட்டும் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களும் கொண்ட சமணப் பள்ளி, பின்னாளில் பகவதி கோயிலாயிற்று. வழிபடப்படும் தெய்வமே மாறியபின் அது பழைய கோயிலா என்று கேட்டால், பாறை அதே, வழிபாடு வேறு என்று மட்டுமே சொல்ல முடியும். அடிப்பொருளின் நிலைபேறு மட்டும் ஒன்றன் அடையாளத்தைக் காத்துவிடுவதில்லை என்பதற்குச் சிதறாலே சான்று. சிதறாலில் கல் நிலைத்தது, பணி மாறியது. தஞ்சையில் மரம் முழுதும் மாறியது, பணி மீண்டது.

சைவ ஆகம மரபு இச்சிக்கலை வாதத்தால் தீர்க்க முயலாமல் சடங்கால் எதிர்கொண்டது. பழுதுற்றதைப் புதுப்பித்தல் சீர்ணோத்தாரணம் எனப்படும். கருவறையில் பணி நடக்கும்போது, மூர்த்தியின் அருளாற்றலைக் குடநீரில் ஏற்றும் கலாகர்ஷணம் என்னும் கிரியை முதலில் செய்யப்பட்டு, பணி முடியும் வரை பாலாலயம் எனும் தற்காலிகச் சிற்றாலயத்தில் வழிபாடு தொடர்கிறது. பணி முடிந்தபின் குடமுழுக்கில் அவ்வாற்றல் மீண்டும் மூலமூர்த்தியில் சேர்க்கப்படுகிறது. புதுப்பித்த தேரும் வெள்ளோட்டம் என்னும் முன்னோட்டம் கண்ட பின்னரே திருவிழாவில் தெய்வத்தை ஏற்கிறது. பழுதுற்ற திருமேனி கல்லாயின் ஆழ்நீரிலும் மரமாயின் தீயிலும் சேர்ப்பிக்கப்பட வேண்டும் என்பது ஆகமங்களின் பொதுவிதி. கழற்றிய பழைய பலகைகளைக் கொண்டே மற்றொரு கப்பலைக் கட்டினால் எது தீசியசின் கப்பல் என்று 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சிந்தனையாளர் தாமசு ஆப்சு எழுப்பிய இடரை, பழையதை வேறோர் உரிமைகோரலாக எழவிடாமல் நீரிலும் தீயிலும் கரைத்து இவ்விதி தடுத்துவிடுகிறது. இங்கு காக்கப்படுவது பொருளன்று, இடையறாத வழிபாடு.

சடங்கோடு தொடர்பே இல்லாத ஒரு துறையிலும் இதே முடிவு வந்தது. பிரிட்டனில் தயாரான பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் வகைப் பந்தயக் கார் ஒன்று, 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற பெயரில் 1929, 1930 ஆகிய ஆண்டுகளில் லெ மான்ஸ் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றது. பின்னர் பெரிதும் மாற்றியமைக்கப்பட்டு, 1932-இல் விபத்துக்குள்ளாகி, மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்ட அக்காரில் முதற்காலத்து உறுப்புகள் மிகச் சிலவே எஞ்சின. ஒரு கோடி பவுண்டுக்கு அதை வாங்க ஒப்பிய நிறுவனம், இது அந்தக் கார் அன்று என மறுத்தபோது, 1990-இல் இலண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆட்டன் இவ்வினாவுக்குத் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தொடக்கத்தில் செய்யப்பட்ட நிலையில் அது இல்லாவிடினும், வரலாறு எங்கும் அறுபடாமல் தொடர்வதால் அதுவே மெய்யான 'ஓல்ட் நம்பர் ஒன்' என்பது தீர்ப்பின் சாரம். கதவும் சக்கரமும் பொறியும் மாறலாம், பேணுவோரின் கைத்தொடர்ச்சி அறாதிருந்தால் போதும் என்னும் இக்கொள்கை, தேரைப் பற்றிய தமிழ் வழக்கோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

எனினும் தொடர்ச்சி மட்டும் போதுமா என்று கேட்க வேண்டியுள்ளது. தீமையும் இடையறாது தொடரக்கூடும். சுசீந்திரத்தில் நம்பூதிரிகளின் குற்றத்தைச் சோதிக்கக் கொதிக்கும் நெய்யில் கையை விடச் செய்யும் 'கைமுக்கு' என்னும் வழக்கம் நெடுங்காலம் நடந்து, 19-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் ஒழிந்தது. கோயிலைச் சூழ்ந்த வீதிகள் ஒடுக்கப்பட்ட சாதியினருக்கு அடைக்கப்பட்டிருந்தன. வைக்கம் போராட்டத்தை அடுத்து 1926-இல் சுசீந்திரத்திலும் சத்தியாக்கிரகம் நடந்தது. 1936 நவம்பர் 12 அன்று மன்னர் சித்திரைத் திருநாள் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பின்னரே கோயிலும் எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. ஒவ்வொரு கட்டத்திலும், வழக்கம் மாறினால் கோயிலின் தன்மை கெடும் என்று வாதிட்டோர் இருந்தனர்.

அவ்வாதத்தைத் தேரின் தருக்கத்தால் சோதித்துப் பார்க்கலாம். உளுத்த அச்சை நீக்கி இரும்பு அச்சைப் பூட்டினாலும் தேர் அதே தேர்தான் என்று ஒரு மரபு ஒப்புக்கொண்டுவிட்டால், உறுப்பின் மாற்றம் முழுமையின் அழிவன்று என்பதையும் அது ஒப்புக்கொண்டதாகிறது. வழக்கங்களும் மரபின் உறுப்புகளே. மரத்துக்கு வழங்கிய நியாயத்தை மனிதருக்கு மறுப்பதற்குத் தத்துவத்தில் இடமில்லை. எந்த உறுப்பையும் மாற்றலாம் என்றால் இறுதியில் எதுதான் மிஞ்சும் என்னும் எதிர்வினா இங்கு எழுவது இயல்பே. அதற்கு விடையை ஆக்கத்தின் பயனில் தேட வேண்டும். கருவறையின் மூலவரை அணுகி நிற்க எல்லோராலும் இயலாது. ஆகவே உற்சவர், அதாவது வீதியுலாவுக்கெனச் செய்த திருமேனி, தேரேறி ஊராரின் வாசலுக்கே வருகிறார். கருவறையின் கதவு உள்ளே வருவோரை வரையறுக்கிறது. தேரின் சக்கரமோ வெளியே நிற்போரை நாடிச் செல்கிறது. அப்பயனுக்கு உதவும் மாற்றம் எதுவாயினும் அது பழுதுபார்ப்பு. அப்பயனைத் தடுப்பது எவ்வளவு பழையதாயினும் அது பழுது.

இந்த அளவுகோலால் பார்த்தால், எல்லோர் வாசலுக்கும் வரவேண்டிய தேரின் வீதியில் சிலர் மட்டும் நடக்கக்கூடாது என்றிருந்த ஏற்பாடு, சக்கரத்தின் விரிசலைப் போலவே அவ்வாக்கத்துக்குள் புகுந்த ஊனம். 1936-இன் மாற்றம் மரபில் புதிதாக ஒன்றைச் சேர்த்ததாகவோ பழையதொன்றை அழித்ததாகவோ கொள்வதைவிட, அதைத் திருப்பணியாகக் கொள்வதே பொருந்தும். நாகசேனர் சொன்னபடி தேர் என்பது ஒரு பெயராகவே இருக்கலாம். ஆனால் அப்பெயர் ஒரு கடமையின் பெயர் என்பதை நாஞ்சில் நாட்டு வரலாறு கூட்டிச் சொல்கிறது. மாற்றப்படும் ஒவ்வோர் உறுப்பும் அக்கடமையை நிறைவேற்றுகிறதா என்று கேட்கும் மக்கள் இருக்கும் வரை தேர் அதே தேராக இருக்கும்; கேட்பதை நிறுத்திவிட்டால், ஒரு பலகைகூட மாறாவிட்டாலும் அது வேறொன்றாகிவிடும்.