வீட்டுக்காரரின் தர்மம்

வாழ்நாள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டு ஒருவர் வீடு கட்டுகிறார். கீழ்த்தளத்தில் தாம் வசித்துக்கொண்டு, மாடியில் ஒன்றிரண்டு பகுதிகளை வாடகைக்கு விடுகிறார். இந்திய நகரங்கள் எங்கும் காணப்படும் இத்தகைய சிறிய வீட்டுக்காரர் பெருஞ்செல்வர் அல்லர். ஓய்வூதியம் இல்லாத முதியவருக்கு அந்த வாடகைதான் மாதச் செலவு. கணவரை இழந்த மூதாட்டிக்கு அதுவே மருந்துச் செலவு. வேறொருவருக்கு அது வங்கிக் கடனின் தவணை. வாடகை வராத மாதத்தில் அவர்களது இல்லத்திலும் நெருக்கடி தோன்றுகிறது.

வாடகை தாமதம், குழாய்க் கசிவு, முன்பணத் தகராறு, காலி செய்ய மறுப்பு ஆகியவை அவர் சந்திக்கும் வழக்கமான சிக்கல்கள். இவற்றிற்குச் சட்டம் ஓரளவு வழிகாட்டுகிறது. ஆனால் இவை ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அறக்கேள்வி இருக்கிறது. தானும் தேவையுள்ளவனாக இருந்துகொண்டே, மற்றொரு குடும்பத்தின் நிழலைத் தன் கையில் வைத்திருப்பவன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? இரக்கம் காட்டினால் ஏமாற நேருமோ என்ற அச்சமும், கண்டிப்பாக இருந்தால் பாவம் சேருமோ என்ற தயக்கமும் அவரை இருபுறமும் இழுக்கின்றன.

உடைமையின் எல்லை

வீட்டை வாடகைக்கு விடுபவர், அதில் வாழும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்திற்கு ஒப்படைக்கிறார். சுவரும் கூரையும் அவருடையவை; அவற்றிற்குள் நடைபெறும் இல்வாழ்க்கை அவருடையது அன்று. மாற்றுச் சாவி கையில் இருக்கிறது என்பதற்காக ஆள் இல்லாத வேளையில் கதவைத் திறந்து பார்ப்பதும், வந்து போகும் விருந்தினரை விசாரிப்பதும் இந்த எல்லையை மறப்பதால் விளைபவையே.

மத்திய அமைச்சரவை 2021-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், வீட்டினுள் நுழைவதற்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிக்க வேண்டும் என்கிறது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை நிறுத்தக் கூடாது என்றும் கூறுகிறது. இது மாநிலங்கள் ஏற்றுச் செயல்படுத்துவதற்கான முன்மாதிரி மட்டுமே. ஆயினும் நேர்மையாளர் ஒருவர் இவற்றைப் பின்பற்றுவதற்குத் தம் மாநிலத்தில் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போதும் இந்த எல்லை நினைவில் இருக்க வேண்டும். வருவாய், பழைய வீட்டில் நடந்துகொண்ட விதம் ஆகியவற்றை விசாரிப்பது முன்னெச்சரிக்கை. சாதியையும் மதத்தையும் கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புவதை அவ்வாறு கூற இயலாது. எல்லா உயிர்களிலும் ஒரே இறைவனைக் காண்பதாகக் கூறுபவருக்கு, ‘வீடு வாடகைக்கு’ என்ற பலகை ஒரு சோதனையே.

கருணையும் கண்டிப்பும்

2020-ஆம் ஆண்டு ஊரடங்கின்போது, தொழிலாளர்களிடம் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கக் கூடாது என மார்ச் 29 அன்று மத்திய அரசு ஆணையிட்டது. குடியிருந்தவருக்கு வேலை போயிற்று. வாடகையை மட்டுமே நம்பியிருந்த வீட்டுக்காரருக்கும் வருவாய் நின்றது. துன்பம் இருவருக்கும் பொதுவாக இருக்கும்போது கருணை எந்தப் பக்கம் சாய வேண்டும்?

தனக்கு மிஞ்சியதே தானம் என்பது வழக்கு. அதற்காக, மிஞ்சவில்லை என்று கூறி மனத்தையே அடைத்துக்கொள்வது முறையாகாது. தன்னால் எவ்வளவு தாங்க முடியும் என்பதை முதலில் அறிந்து, அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் தேதி வர வேண்டிய வாடகை வரவில்லை எனில், பத்தாம் தேதிக்குள் அமைதியாகக் காரணம் கேட்பது நல்லது. நோயாலோ வேலையிழப்பாலோ தவிப்பவருக்கும், வசதியிருந்தும் இழுத்தடிப்பவருக்கும் உள்ள வேறுபாடு அப்போது தெரிந்துவிடும். முன்னவருக்கு ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யலாம். எஞ்சியதைத் தவணைகளாகப் பிரித்துத் தேதியிட்டு எழுதிக்கொள்ளலாம். மூன்று மாதம் வாய் திறவாமல் இருந்து, நான்காம் மாதம் அண்டை வீட்டார் கேட்கும்படி சீறுவது பொறுமை அன்று. உள்ளே அடக்கிவைத்த கோபமே அது.

அடைக்கலப் பொருள்

முன்பணம் வீட்டுக்காரரின் வருமானம் அன்று. அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பிறர் பொருள். பெங்களூருவில் பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறும் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. மாதிரிச் சட்டமோ குடியிருப்புகளுக்கு இரண்டு மாத வாடகையே உச்சவரம்பு என்கிறது. தொகையைச் செலவழித்துவிட்டு, அடுத்தவர் வந்து பணம் தந்தால்தான் திருப்பித் தர முடியும் என்ற நிலையில் பலர் இருக்கின்றனர். செல்வம் உடையோர் அதன் தர்மகர்த்தாக்களாக விளங்க வேண்டும் என்றார் காந்தியடிகள். அந்தப் பெரிய இலட்சியம், வங்கிக் கணக்கில் தொடப்படாமல் இருக்கும் ஒரு சிறிய முன்பணத்திலிருந்தே தொடங்கலாம்.

பழுதுகளிலும் இதே நேர்மை தேவை. காலப்போக்கில் மங்கிய சுண்ணாம்புக்குக் குடியிருந்தவரிடம் பணம் பிடிப்பது நியாயமாகாது. அவரது கவனக்குறைவால் உடைந்த கதவுக்குப் பிடிப்பது நியாயமே. வெள்ளையடித்தல், மின்கம்பி, குழாய் மாற்றுதல் ஆகியவற்றை வீட்டுக்காரரிடமும், குழாய் வாஷர் மாற்றுதல், சாக்கடை அடைப்பு நீக்குதல் ஆகியவற்றைக் குடியிருப்பவரிடமும் மாதிரிச் சட்டம் ஒப்படைக்கிறது. குடிவரும் நாளிலேயே இருவரும் சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, இருக்கும் குறைகளை எழுதிக் கையொப்பமிட்டால் பிற்காலப் பூசல்களில் பெரும்பகுதி எழாது.

விடைகொடுத்தல்

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், பதினொரு மாத ஒப்பந்தம் நாடெங்கும் வழக்கமாயிற்று. அந்தக் குறுகிய காலத்தை ஓர் அச்சுறுத்தலாகக் கையாளக் கூடாது. வீடு தமக்கே தேவைப்படும்போதும், குழந்தையின் பள்ளித் தேர்வு முடியும்வரை அவகாசம் தருவது மனிதப் பண்பு.

அவகாசம் தந்தும் ஒருவர் காலி செய்ய மறுத்தால்? தண்ணீரை நிறுத்துவதும் சாமான்களை வெளியே எறிவதும் அதர்மம். அறிவிப்பு அனுப்பி, சட்டம் வகுத்த அதிகாரியை நாடுவதே முறை. அதில் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை. தம் குடும்பத்தைக் காப்பதும் இல்லறத்தானின் கடமையே. மனத்தில் வெறுப்பை வளர்க்காமல் அக்கடமையைச் செய்ய வேண்டும் என்பதே நிபந்தனை.

நியாயமாக நடப்பவருக்கும் சில நேரங்களில் பண இழப்பு நேரலாம். ஆயினும் சாவியைத் திருப்பித் தந்து விடைபெறும் குடும்பம் கசப்பின்றிச் செல்லுமானால், அந்த வீடு அதன் உரிமையாளருக்கு வாடகையோடு மன அமைதியையும் ஈட்டித் தந்திருக்கிறது.