தென்துருவம் யாருடையது?

கையில் பொருள் மிகுந்தோர் தென்துருவக் கண்டத்தின் பனிக்கரையோரமாகக் கப்பலில் உலாவிவருவது இக்காலத்தில் ஒரு நாகரிகமாகிவிட்டது. 2022-23ஆம் ஆண்டுப் பருவத்தில் மட்டும் அவ்வாறு சென்றோர் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவராவர். தோட்டத்தில் கணக்கெழுதும் நமக்கும், விடியலில் பெரட்டுக்கு நிற்கும் தொழிலாளருக்கும் இதனால் ஆவதென்ன என்று சிலர் வினவக்கூடும். ஆவது உண்டு.

1982ஆம் ஆண்டில் நம் நாட்டுப் பிரதமராயிருந்த மகாதீர், குடிகளில்லாத அந்நிலம் கண்டுபிடித்தவர்களுக்குரியதன்று, உலகத்தார் அனைவர்க்கும் பொது என்னும் கருத்தை ஐக்கிய நாடுகள் சபையில் வற்புறுத்தினார். ஏழு தேசங்கள் அதில் பாகம் கோரியிருக்கின்றன. 1959இல் பன்னிரண்டு தேசங்கள் கையொப்பமிட்ட உடன்படிக்கையே அங்கு சட்டம். 2011இல் மலேசியாவும் அவ்வுடன்படிக்கையிலேயே சேர்ந்துகொண்டது. வெளியே நின்று கேட்ட கேள்வி உள்ளே போனதும் குரல் தாழ்ந்துவிட்டது என்பது நம் அபிப்பிராயம். கேள்வி என்னவோ செத்துவிடவில்லை.

பொதுச்சொத்து என்றால், பணமுள்ளவன் மட்டும் போய்ப் பார்ப்பது பொதுவாகுமா? ஆராய்ச்சி செய்வோரும் சொற்பப் பேர்தாமே என்பர். உண்மை. ஆயினும் 1985இல் ஹாலி நிலையத்துப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் ஓசோன் படலம் மெலிந்துவருவதைக் கண்டு வெளியிட்டனர்; இரண்டே ஆண்டில் மாண்ட்ரீல் உடன்படிக்கை பிறந்தது. அதன் பலன் அங்கே போகாத நம் பிள்ளைகளின் தோலுக்கும் கண்ணுக்கும் கிடைக்கிறது. இந்தியா 1983-84இல் நிறுவிய தட்சிண கங்கோத்ரி நிலையம் பனியில் புதைந்தது. பின்னர் மைத்ரி, பாரதி என மீண்டும் கட்டினார்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்காகக் கப்பலின் முகமே காணாது அங்கிருப்போர் குறித்துவைக்கும் கணக்கு எவரும் எடுத்துப் படிப்பதற்குரியது. உல்லாசப் பிரயாணி கொண்டுவருவதோ புகைப்படம்.

அவரை நாம் பழிக்கவில்லை. ஒரே சமயத்தில் நூறு பேருக்கு மேல் கரையிறங்கலாகாது, காலணியைக் கழுவியே இறங்கவேண்டும் என்னும் விதிகளுக்கு அவர் கட்டுப்படுகிறார். இந்தத் தானா ராத்தாவிலோ, விடுமுறை நாளில் வருவோர் தேயிலை நிரைக்குள் புகுந்து மிதித்துப் படமெடுப்பர். லயத்து வாசலில் உலரும் துணியும் அவர்களுக்கு ஒரு காட்சி! பென்குவின் பறவைக்கு ஐந்து மீட்டர் தூரம் விட்டு நிற்கவேண்டுமாம். கொழுந்தெடுக்கும் நம் பெண்களின் முகத்துக்கு அத்தனை தூரம் விடுவாரில்லை.

எனினும், விதிக்கு அடங்கிய கப்பலும் புகையை விடத்தான் செய்கிறது. அப்புகையின் கரி பனிமேல் படிந்து, வெயிலை ஈர்த்து, பிரயாணி ஒருவர் பொருட்டு ஏறக்குறைய 80 டன் பனியை விரைந்து உருகச்செய்கிறதென்று 2022இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. நிலையங்களின் புகையும் அதில் கலந்திருப்பதால் விஞ்ஞானியும் கை கழுவிவிட முடியாது. அந்நிலத்துப் பனி குறையக் குறையக் கடல் உயரும். மலைமேலிருக்கும் நமக்கன்று, கிள்ளான் துறைமுகத்திலும் நாகப்பட்டினத்திலும் இருக்கும் நம் உறவினர்க்கு. கப்பற்சீட்டின் விலையில் இந்த 80 டன் எந்தப் பத்தியில் பற்றெழுதப்படுகிறது? கணக்கெழுதுவது நம் தொழிலாகையால் கேட்கிறோம்.