வேலையின்மையும் திருட்டும்: தீக நிகாயத்தின் பார்வை

பிழைக்க வழியில்லாதவன் திருடினால் அந்தக் குற்றத்தில் அரசுக்கும் பங்கு உண்டா? பாலி மொழியிலுள்ள பௌத்த நூலான தீக நிகாயத்தின் இரண்டு சூத்திரங்கள் இதை ஆராய்கின்றன. 5ஆவதான கூடதந்த சூத்திரத்தில் மகாவிஜிதன் என்னும் மன்னன் பெருவேள்வி நடத்த விரும்புகிறான். கொள்ளை மலிந்த நாட்டில் அதற்காகப் புது வரி விதிப்பது முறையல்ல என்று புரோகிதர் தடுக்கிறார். கொலைத்தண்டனையும் சிறையும்கூட உதவாது. தப்பியவர்கள் மறுபடியும் தொல்லை தருவார்கள். உழவருக்கு விதையும் தீவனமும், வணிகருக்கு முதலும், அரசுப் பணியாளருக்கு உணவும் ஊதியமும் கொடுக்கச் சொல்கிறார். அப்படிச் செய்தபின் மக்கள் கதவைத் திறந்துவைத்தே வாழ்ந்தார்களாம்.

26ஆவது சூத்திரம் இவ்வளவு சுலபமாக முடிவதில்லை. அதன் அரசன் ஏழைகளைக் கவனிக்காமல் விட, வறுமை முற்றித் திருட்டு தொடங்குகிறது. பிடிபட்டவனுக்குப் பணம் கொடுக்கிறான்; அதைக் கேள்விப்பட்டுப் பலர் திருடுகிறார்கள். பிறகு தலையை வெட்டத் தொடங்குகிறான். திருடர்களும் வாளெடுத்து, பறிகொடுத்தவர்களைக் கொல்கிறார்கள். தாமதித்த உதவியின் கேட்டை இவ்வளவு துல்லியமாகக் காட்டிய பழைய நூல்கள் குறைவு. தமிழ்ப் பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் நாயகி சோழ மன்னனிடம் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கக் கேட்பதும் இதே மரபுதான்.

ஆனாலும் பௌத்தத்தில் வினைக்கு அடிப்படை எண்ணமே என்பதால், பசித்துத் திருடியவனின் பொறுப்பு கழிந்துவிடுவதில்லை; அரசனின் பொறுப்பும் அதனுடன் சேர்கிறது.