ஒரு படியும் இரு கணினியும்

ஓர் ஆசிரியருக்குப் பள்ளியில் ஒரு கணினி. வீட்டில் ஒரு கணினி. அவர் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளோ ஒன்றே. அதனை இரண்டிலும் பதித்துக்கொள்வது களவாகுமா?

களவுக்கு நாம் அறிந்த இலக்கணம் எளியது. ஒருவன் கவர்ந்தால் மற்றவன் இழப்பான். பசுவைக் கவர்ந்தால் உரியவனின் கொட்டில் வெறுமையாகும். மென்பொருளை ஆயிரம் படி எடுப்பினும் மூலம் குறைவதில்லை. எனவேதான், 'யாருக்கு என்ன நட்டம்?' என்று பலரும் கேட்கின்றனர். 1976ஆம் ஆண்டில் கணினி ஆர்வலர்களுக்குத் திறந்த மடல் எழுதிய பில் கேட்சு, ஆக்கியோரின் உழைப்பு ஊதியமின்றிப் போகிறதே என முறையிட்டார். அம்முறையீட்டில் நியாயம் உண்டு. ஆயினும், நம் ஆசிரியர் விலை கொடுத்தவராயிற்றே!

இச்சிக்கலுக்குக் கலிபோர்னியாவின் போர்லண்டு நிறுவனம் 1980களில் கண்ட தீர்வு என் மனத்திற்கு உகந்தது. மென்பொருளை ஒரு நூலைப் போலக் கருதுமாறு அதன் உரிமம் கூறியது. எத்தனை பேரும் பயன்படுத்தலாம். ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால், ஓரிடத்தில் பயன்படும்போதே வேறோரிடத்திலும் பயன்பட வாய்ப்பிருத்தல் ஆகாது. ஒரு நூலை ஈரிடத்திலிருந்து இருவர் ஒரே வேளையில் படித்தல் இயலாதன்றோ? பின்னாளில் மைக்ரோசாப்டு ஆபிசின் சில பதிப்புகள், முதன்மைப் பயனர் தம் கையடக்கக் கணினியில் இரண்டாம் படி வைத்துக்கொள்ள இசைந்தன; அதுவும் அவர் ஒருவரின் பயனுக்கு மட்டுமே.

உரிமம் என்பது விற்பனை அன்று. நிபந்தனையோடு கூடிய இசைவு. அதனைப் படியாமலேயே 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் விரல் நம்முடையதே. (முழுதும் படித்தவரை நான் கண்டதில்லை, நானும் படித்ததில்லை.) படிக்காமல் தந்த சொல்லும் சொல்தானா என்று வழக்காடலாம். ஆனால், அதே ஆசிரியர் மாணவர் கையொப்பமிட்ட தாளைக் காட்டி, 'படித்துப் பார்த்திருக்க வேண்டாமா?' என்று கடிபவர் அல்லரோ? ஆகவே, இவ்வினாவைக் கள்ளாமை அதிகாரத்தில் தேடுவது பொருந்தாது; திருக்குறளில் அதனை அடுத்து நிற்கும் வாய்மை அதிகாரத்திற்கே இது உரியது.

இன்று பல மென்பொருள்கள் சந்தா முறையில் விற்கப்படுகின்றன. எத்தனை கணினி என்பதை நிறுவனமே எண்ணிக்கொள்கிறது. அங்கே நம் நேர்மைக்கு வேலை இல்லை. நூலைப் போன்ற உரிமத்திலோ கண்காணிப்பார் எவருமிலர். ஆசிரியர் பள்ளியில் வினாத்தாள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும் வேளையில், வீட்டிலிருந்து மகள் தொலைபேசியில், "அப்பா, கட்டுரை எழுத அதைத் திறக்கட்டுமா?" என்று கேட்கிறாள். அவர் தம் வினாத்தாளைச் சேமித்து மூடிவிட்டுத்தான் 'சரி' என்று சொல்லவேண்டும்.