களஞ்சியத்தின் திறவுகோல்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரின் கண்கள் முதலில் இராஜகிரியின் உச்சிக்கே செல்லும். கல்யாண மகாலின் அடுக்குகளை அண்ணாந்து பார்ப்பர். 1717-18-இல் எழுந்த சாதுல்லாகான் பள்ளிவாசலின் முன் சற்றே நிற்பர். பின்னர் மலையேறத் தொடங்கிவிடுவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில், மராட்டியப் படையரண்களின் வரிசையில் செஞ்சியும் இடம்பெற்றதிலிருந்து இக்கோட்டையின் பெயர் உலகெங்கும் பேசப்படுகிறது. ஆயினும் அடிவாரத்தில் தடித்த சுவர்களோடும் வளைந்த கூரையோடும் நிற்கும் நெற்களஞ்சியத்தின் முன் நின்று சிந்திப்போர் மிகச் சிலரே.

1690 முதல் 1698 வரை எட்டாண்டுகள் மொகலாயப் படை இக்கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. முற்றுகைக் காலத்தில் ஒரு கோட்டையைக் காப்பவை பீரங்கியும் அகழியும் மட்டுமல்ல; நெல்லும்தான். களஞ்சியத்தின் சுவர் மழையைத் தடுக்கும், எலியைத் தடுக்கும், கள்வனையும் தடுக்கும். ஆனால், எவருக்கு எத்தனை படி அளப்பது என்ற கேள்விக்குச் சுவர் விடை சொல்லாது. அந்த விடை, திறவுகோலைக் கையில் வைத்திருப்பவனின் நெஞ்சில் இருக்கிறது.

நம் ஊர்களிலும் இத்தகைய களஞ்சியங்கள் உண்டு. ஜமாஅத்தின் பைத்துல்மால், வக்ஃபுச் சொத்தின் வருமானம், கல்வி உதவி நிதி, செல்வர்கள் கூடி அமைத்த அறக்கட்டளை எனப் பெயர்கள் பலவாயினும் பொருள் ஒன்றே. பலருடைய பணம் ஓரிடத்தில் சேர்கிறது. சிலர் கூடி அமர்ந்து அதைப் பங்கிடுகின்றனர். மாவட்டந்தோறும் ஆட்சித்தலைவரின் தலைமையில் இயங்கும் முஸ்லிம் மகளிர் உதவும் சங்கங்களும் இவ்வகையைச் சேர்ந்தவையே. மக்கள் தரும் நன்கொடையோடு அரசும் தன் பங்கைச் சேர்க்கிறது. தையற்கூடமும் அநாதை இல்லமும் இரவுப் பள்ளியும் மருத்துவ உதவிக் குழுவும் இந்நிதிகளின் வாசலில் வந்து நிற்கின்றன. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை. அப்படியாயின், பொதுப்பணத்தைப் பங்கிடுவோர் எதனைக் கொண்டு முடிவு செய்ய வேண்டும்? இதுவே நாம் ஆராயப் புகும் கேள்வி.

தன் சட்டைப் பையிலிருந்து கொடுப்பவனுக்கு ஓர் உரிமை உண்டு. மனம் இரங்கிய இடத்தில் அவன் கொடுக்கலாம், உறவினனுக்குக் கொடுக்கலாம், அதற்கு இரட்டைக் கூலி உண்டென்றே மார்க்கம் கூறுகிறது. பொதுநிதியின் பொறுப்பாளருக்கு அந்த உரிமை இல்லை. அவர் கையிலிருப்பது அவருடைய பொருளன்று, அமானிதம். சொந்தப் பணத்தில் காட்டினால் புண்ணியமாகும் அதே பாசம், அமானிதத்தில் காட்டினால் குற்றமாகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை உணராத நல்லவர்களால் விளைந்த கேடு, தீயவர்களால் விளைந்த கேட்டினும் குறைந்ததன்று.

ஆகவேதான் மார்க்கம் இப்பணத்திற்கு வரம்புகள் விதித்தது. ஜகாத்தைப் பெறத்தக்கோர் எட்டு வகையினர் எனத் திருமறையின் 9-ஆவது அத்தியாயம் 60-ஆவது வசனம் வகுத்துவிட்டது. அப்பணம் தகுதியுள்ள ஒருவரின் உடைமையாகவே ஆக வேண்டும். கட்டடத்திற்குச் செலவிட்டால் நிறைவேறாது என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. வக்ஃபுக்கோ வேறொரு வரம்பு. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தைப் பற்றி ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் யோசனை கேட்டபோது, மூலத்தை நிறுத்திவைத்து விளைச்சலை அறமாக்குமாறு அண்ணலார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். அன்றுமுதல், வக்ஃபு செய்தவரின் நிபந்தனையை முதவல்லி மீறலாகாது என்பது சட்ட அறிஞர்களின் உறுதியான கொள்கை.

நிபந்தனை மட்டும் போதுமா? காலம் மாறிவிட்டால் என் செய்வது? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரடெரிக் காஃப் என்னும் வங்கித் தலைவர் இதனைக் கண்டு வருந்தினார். என்றோ இறந்தவர்கள் எழுதிவைத்த உயிலின்படி, இன்று தேவையே இல்லாத காரியங்களுக்கென்று பணம் முடங்கிக் கிடந்தது. எனவே 1914-இல் ஊர்ப் பொது அறநிதி ஒன்றை அவர் அமைத்தார். பலர் கொடுத்த பணத்தை நகரமக்கள் சிலரடங்கிய குழு, அவ்வக்காலத்துத் தேவையை ஆராய்ந்து தொண்டு நிறுவனங்களுக்கு வழங்கும். இன்று உலகின் பல நகரங்களில் இத்தகைய நிதிகள் இயங்குகின்றன. விண்ணப்பம் பெறுவார்கள்; கணக்கைப் பார்ப்பார்கள்; குழு கூடி முடிவெடுக்கும்; கொடுத்த பணம் என்னவாயிற்று என்று அறிக்கை கேட்பார்கள்.

விண்ணப்பமும் கணக்கும் கேட்பதைச் சிலர் குறை கூறுகின்றனர். ‘தருமத்திற்கு இத்தனை காகிதமா?’ என்கின்றனர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். காகிதம் இல்லாத நாளில் முகம்தான் தீர்ப்புக் கூறியது. செயலாளரின் அண்டைவீட்டார், பெரியதனக்காரரின் சம்பந்தி வீட்டார், உரத்த குரலுடையோர் ஆகியோரே அன்று முதலில் பெற்றனர். எல்லோரும் ஒரே தாளில் ஒரே கேள்விகளுக்கு விடையெழுத வேண்டும் என்பது எளியவனுக்குக் கிடைத்த பாதுகாப்பே ஆகும். ஜகாத் வசூலிக்கச் சென்ற ஒருவர் திரும்பிவந்து, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்துக் காட்டியபோது, அவர் தம் பெற்றோரின் வீட்டில் அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணலார் (ஸல்) அவர்கள் கடிந்தார்கள். தமக்கு வேண்டிய நிறுவனத்தின் விண்ணப்பம் எடுக்கப்படும்போது குழு உறுப்பினர் எழுந்து வெளியே சென்றுவிட வேண்டும் என்று இக்காலத்து அறநிதிகள் விதிக்கும் ஒழுங்கின் வேர் அங்கேயே இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுப்போர் பலர், ‘கட்டடத்திற்குத் தருவோம், சம்பளத்திற்குத் தரமாட்டோம்’ என்கின்றனர். கட்டடத்தில் கல்வெட்டுப் பதிக்கலாம். ஆசிரியையின் சம்பளத்தில் பெயர் பொறிக்க முடியாது. ஆனால் திருமறை வகுத்த எட்டு வகையினருள் ஜகாத்தைத் திரட்டும் ஊழியரும் ஒருவர். தம் வக்ஃபை நிர்வகிப்பவர் பொருள் சேர்க்காமல் நியாயமான அளவு உண்ணலாம் என்று உமர் (ரலி) அவர்களே அனுமதித்தார்கள். உழைப்பவனைப் பட்டினி போட்டுவிட்டு அறம் நடத்த முடியாது என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பின்னரும் ஒரு முள் நெஞ்சில் தைத்துக்கொண்டே இருக்கிறது. அதனைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையன்று.

நாமும் அத்தகைய குழுவொன்றில் அமர்ந்திருந்தோம். ஓராண்டு, எஞ்சிய தொகை ஒரு நிறுவனத்திற்கே போதுமானதாக இருந்தது. இரண்டு விண்ணப்பங்கள் வந்தன. ஒன்று, தட்டச்சு செய்து, படங்கள் இணைத்து, தணிக்கைக் கணக்கோடு வந்தது. அதனை எழுதியவர் கற்றவர், பேசத் தெரிந்தவர். மற்றொன்று அரைத்தாளில் வந்தது. கைம்பெண்கள் சிலர் கூடி இரண்டு தையல் இயந்திரங்களோடு நடத்திய சிறு கூடம் அது. மூன்றாவது இயந்திரமும் ஆறு மாத வாடகையும் கேட்டிருந்தனர். கணக்கு இல்லை, பதிவு எண் இல்லை, கையெழுத்தும் தெளிவாக இல்லை. விதிப்படி முதலாவதற்குக் கொடுத்தோம். இரண்டாவதற்கு, ‘அடுத்த ஆண்டு உரிய முறையில் விண்ணப்பிக்கவும்’ என்று எழுதினோம். நாமும் கையெழுத்திட்டோம்.

அடுத்த ஆண்டு அவர்கள் விண்ணப்பிக்கவில்லை. விசாரித்தபோது, வாடகை கொடுக்க இயலாமல் கூடத்தை மூடிவிட்டதாகச் சொன்னார்கள். எவரும் விதியை மீறவில்லை. எவரும் ஒரு காசும் தொடவில்லை. தணிக்கையாளர் எங்கள் ஏடுகளைப் பாராட்டினார். அந்தப் பாராட்டு இன்றுவரை நமக்கு இனிக்கவில்லை.

எங்கே தவறினோம்? விதி வைத்தது தவறன்று. விதியைப் பூர்த்தி செய்யும் ஆற்றலையே தேவையின் அளவாகக் கொண்டதுதான் தவறு. நன்றாகக் கேட்கத் தெரிந்தவருக்கு நாம் கொடுத்தோம். திருமறையோ 2-ஆவது அத்தியாயம் 273-ஆவது வசனத்தில் வேறொரு கூட்டத்தாரை நமக்குச் சுட்டிக் காட்டுகிறது. தன்மானத்தால் வாய் திறந்து வற்புறுத்திக் கேளாதவர்கள் அவர்கள். அறியாதவன் அவர்களைச் செல்வரென்றே எண்ணிவிடுவான். அடையாளத்தைக் கொண்டே அவர்களை அறிய முடியும். அடையாளம் காண்பது யாருடைய வேலை? கேட்பவருடைய வேலையா? அன்று, கொடுப்பவருடைய வேலை. விண்ணப்பத் தாள் எத்தனை சிறப்பாக அமைந்தாலும், கேளாதவரின் அடையாளத்தை நிரப்ப அதில் ஒரு கட்டம் இருக்க முடியாது.

ஊர் நிதிக்கு உள்ள தனிச்சிறப்பே இங்குதான் இருக்கிறது. தொலைதூரத்து நிறுவனத்திற்குத் தாள் ஒன்றே கண். செஞ்சி போன்ற சிற்றூரில் இருப்பவருக்கோ இரண்டு கால்கள் உண்டு. எந்த வீட்டில் குமர் காரியம் தள்ளிப்போகிறது, நெல் மூட்டை சுமப்பவரில் எவர் முதுகு ஒடிந்து படுத்திருக்கிறார், எந்தச் சிறுமி பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள் என்பதை ஒரு மாலை நேரத்து நடையில் அறிந்துவிடலாம். அருகில் இருப்பதால் பாரபட்சம் வரும் என்று அஞ்சுகிறோம். அந்த அச்சம் நியாயமே. ஆனால் பாரபட்சத்துக்கு அஞ்சிக் கண்ணையே மூடிக்கொண்டால், அருகில் இருந்து என்ன பயன்?

ஆதலால் விதியை நீக்குங்கள் என்று நாம் கூறவில்லை. விதிக்கு முன்னால் நடையைச் சேருங்கள் என்கிறோம். குழு கூடுவதற்கு முன் உறுப்பினர் இருவர் தெருத்தெருவாகச் சென்று வரட்டும். பெண்களின் நிலையைப் பெண்களே அறிவர். அவ்விருவருள் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். எழுதத் தெரியாதவரின் விண்ணப்பத்தை அலுவலகமே எழுதித் தரட்டும். கணக்கு வைக்கத் தெரியாத சிறு கூடத்திற்கு முதல் உதவியாகக் கணக்கைக் கற்றுத் தரட்டும். இல்லையென்று சொல்ல நேர்ந்தால், காரணத்தை நேரில் சென்று இனிய மொழியில் சொல்லட்டும். புண்படுத்தித் தரும் தருமத்தினும் கனிந்த சொல் மேலானது என்பதும் நம் மறையின் போதனையே.

ஓர் இரவு ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் புறத்தே ஒரு நெருப்பைக் கண்டு நெருங்கிச் சென்ற வரலாற்றை நாம் அனைவரும் சிறுவயதிலேயே கேட்டிருக்கிறோம். பசித்து அழும் பிள்ளைகளை உறங்கவைக்க ஒரு தாய் வெறும் நீரைக் கொதிக்கவைத்துக் கொண்டிருந்தார். வந்தவர் இன்னாரென அறியாத அத்தாய், உமரின் மீது இறைவனிடம் முறையிடுவதாகச் சொன்னார். உமது நிலை உமருக்கு எவ்வாறு தெரியும் என்று அவர்கள் கேட்டார்கள். எங்களுக்குப் பொறுப்பேற்றுவிட்டு எங்களை அறியாமல் இருப்பதா என்பதே அவரது மறுமொழியின் கருத்து. ‘நீங்கள் விண்ணப்பிக்கவில்லையே’ என்று கலீஃபா அவர்கள் வாதாடவில்லை. மாவுக் களஞ்சியத்திற்கு விரைந்தார்கள். மூட்டையைத் தம் முதுகிலேயே ஏற்றிக்கொண்டார்கள். தாம் சுமப்பதாகப் பணியாளர் முன்வந்தபோது, மறுமையில் என் சுமையையும் நீ சுமப்பாயா என்று கேட்டு மறுத்துவிட்டார்கள்.

செஞ்சியின் களஞ்சியம் இன்று வெறுமையாக நிற்கிறது. அதன் திறவுகோலை வைத்திருந்தவர்கள் தங்கள் கணக்கை ஒப்படைக்கச் சென்றுவிட்டனர். நம் கையில் இருப்பதும் அத்தகைய ஒரு திறவுகோலே. அந்த அரைத்தாள் இன்னும் நம் நினைவில் இருக்கிறது. அதனைத் தணிக்கையாளர் கேட்கவில்லை. ஆனால் கேட்பவன் ஒருவன் இருக்கிறான். அவன் கேட்கும் நாளில் நாணித் தலைகுனியாத நிலையை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.