ஊசி தரும் பசியடக்கம் நோன்பாகுமா?

பசி உயிர்க்கு இயற்கை. அதனை அளவில் நிறுத்துதல் அறிவுடைமை. புறத்தவம் ஆறனுள் உண்ணா நோன்பை அடுத்து, வயிறு நிறையுமுன் கையெடுத்தலாகிய அவமோதரியத்தை நம் முன்னோர் வைத்தனர். இன்றோ, வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியொன்று பசியைக் குறைத்துவிடுகிறது. மொரப்பூர் போன்ற சிற்றூர்களிலும் இதுபற்றிய பேச்சு எழுந்துவிட்டது. இதனை ஏற்பது அறத்திற்கு ஒக்குமா என்பதை நாம் ஆராய்தல் வேண்டும்.

உணவு உண்டதும் நம் குடலில் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் சுரந்து, 'போதும்' என மூளைக்கு உணர்த்துகிறது. செமாகுளுடைடு அதனைப் போன்றே, ஆனால் நெடுநேரம், செயற்படும் மருந்து. 'வெகோவி' என்னும் பெயரில் 2025 ஜூனில் இந்தியாவில் இது அறிமுகமாயிற்று. 2021இல் வெளியான ஆய்வொன்றில், 68 வாரங்களில் உடல் எடை சராசரியாக 15 விழுக்காட்டளவு குறைந்தது. ஆயின் ஊசியை நிறுத்தியோர், இழந்த எடையில் மூன்றில் இரு பங்கை ஓராண்டுக்குள் மீண்டும் பெற்றனர். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் முதலிய துன்பங்களும் உண்டு.

இது கொலையால் வருவதோ என்பது முதல் ஐயம். முற்காலத்தில் இன்சுலின் பன்றி, மாடு ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. செமாகுளுடைடு அவ்வாறன்று; ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் துணையால் ஆக்கப்படுகிறது. எனினும் ஏனைய மருந்துகளைப் போன்று இதுவும் விலங்குகளிடம் சோதிக்கப்பட்டதே. ஆதலின் நோய்க்கன்றி அழகுக்காக இதனை நாடுதல் தகாது.

ஊசியால் பசி குன்றியவர் குறைவாக உண்பது தவமாகுமோ என்பது இரண்டாவது ஐயம். ஆகாது. விரும்பியதை மன உறுதியால் விடுதலே தவம். பசியாதவன் உண்ணாதிருத்தல் நோன்பன்று. ஆனால், தவமன்று என்பதனாலேயே அது பாவமாகிவிடாது. காய்ச்சலுக்கு மருந்துண்பதும் தவமன்று. அதனைப் பழிப்பார் உண்டோ?

உடற்பருமனை உலகச் சுகாதார நிறுவனம் நாட்பட்ட நோயெனக் கூறுகிறது. பரம்பரை, ஹார்மோன் கோளாறு, சில மருந்துகள் ஆகியவையும் அதற்குக் காரணமாகும். இரவுணவு நீத்து, நோன்பு தவறாது நோற்போரிலும் பருத்த உடலினர் உளர். அவர்களைப் பெருந்தீனியர் என எள்ளுதல் சொல்லால் செய்யும் இம்சை. குறிப்பாக, திருமணப் பேச்சின்போது நம் பெண்மக்கள் மனம் புண்படப் பேசுவதை விட்டொழிக்க வேண்டும். அதே வேளையில், ஊன் நீத்தோம் என்பதனால் நெய்யும் இனிப்பும் அளவின்றி உண்ணலாம் என எண்ணுதலும் பிழையே.

தகடூரை ஆண்ட அதியமான், நெடுவாழ்வு தரும் நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவைக்கு ஈந்தான். அரிய மருந்து எவர்க்கு உரியது என்பதற்கு நம் மாவட்டம் தந்த விடை அது. 2022 முதல் சில ஆண்டுகள் பல நாடுகளில் இம்மருந்துக்குத் தட்டுப்பாடு நேர்ந்து, நீரிழிவு நோயாளர் அல்லலுற்றனர். மெலிய விரும்பியோர் பலர் வாங்கியதும் அதற்கு ஒரு காரணம். பிறர் தேவையை மறந்து தமக்கே சேர்த்துக்கொள்வது மிகுபொருள் விருப்பம் அன்றோ?

எனவே, மருத்துவர் ஆய்ந்து வேண்டுமெனக் கூறினால் நாணாது ஏற்போம். அவர் சொல்லாது கடையில் வாங்கோம். மருந்து பசியை அடக்கும். அவாவை அடக்குதல் நம் கடனாகவே நிற்கிறது.